ஜி நிறுத்துமிடம்

சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் மணிக்கூண்டு.
நான் சேர்ந்த நாளிலிருந்து அதில்
பதினொன்று இருபது.
எங்கள் பல்கலைக்கழகத்தின் மையம் அதுவல்ல.
ஜி நிறுத்துமிடம்தான்:
எண்ணூற்று நாற்பது கார்கள், தார், உப்பு,
சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
அழுகிய பீட்கிழங்கு வாடை.

விடுதியில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்.
மற்றவர்கள் டகோட்டா எல்லை தாண்டி
அறுபது மைல் ஓட்டி வந்து
கணக்கியல் கேட்டுவிட்டு
அறுபது மைல் ஓட்டிப் போகிறவர்கள்.
அவர்களுக்கு விடுதியும் உணவகமும் நூலகமும்
முன்னிருக்கை.

எனக்கு மணிக்குப் பதினொன்றரை டாலர்,
ஓர் ஆரஞ்சு மேலங்கி,
பேனா மை உறைந்துவிடும் என்பதால்
ஒரு பென்சில்.
ஸ்டிக்கர் இல்லாத காருக்கு முப்பது டாலர்.
அந்தக் காசில்தான் தரைக்கு உப்பு வாங்குகிறோம்
என்பார் மேலாளர் பெர்னெல்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால்
நான் இந்தத் தண்டம் கட்டியவர்களையெல்லாம்
பெயர் சொல்லி நினைக்க வேண்டும்.

டிசம்பர். தேர்வு வாரம்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
காலை எட்டு நாற்பதுக்கு
ஸ்டிக்கர் இல்லாத நீலப் பிக்கப்.
எண்ணை எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
கண்ணாடியில் பனி உட்புறம் பூத்திருந்தது.
வெளிப்புறம் பனி என்றால்
வண்டி தனியாக நின்றிருக்கிறது.
உட்புறம் என்றால்
யாரோ மூச்சுவிட்டிருக்கிறார்கள்.
இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தருவதில்லை.

தட்டினேன். இன்னொரு முறை, முஷ்டியால்.
ஒசியேல் கான்ட்ரேராஸ்.
வேதியியல் ஆய்வகத்தில் என் மேசைக்காரன்.
நள்ளிரவு முதல் எட்டு வரை
ஆலையில் கிழங்கு சீவும் எந்திரத்தில் நிற்கிறவன்.
ஒரு சொட்டு அதிகம் விழாமல் அமிலம் ஊற்றும் கை
கதவுப் பிடியைத் தேடித் தேடித் தவறியது.
"முடிஞ்சு போச்சா?" என்றான்.
இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றேன்.
ஓடினான். ஒரு கையுறை
இருக்கையிலேயே கிடந்தது.

பென்சில் என்பதால்
அழிக்க முடிந்தது.
அச்சடித்த வரிசை எண்ணை அழிக்க முடியவில்லை.
நானூற்றுப் பதினேழு
யாருக்காவது போயாக வேண்டும்,
இல்லையென்றால் பெர்னெல் கேட்பார்.

கடைசி வரிசையில்
பல்கலைக்கழகத்தின் பனிவாரி வண்டி
இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு
கோணலாக நின்றது.
ஸ்டிக்கர் இல்லை.
எழுதினேன். வைப்பரில் செருகினேன்.
அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு,
சட்டைக்குள் ஒளித்த பூனைக்குட்டி மாதிரி.

ஒசியேலுக்கு பி மைனஸ். எனக்கு சி.
எதுவும் அவனுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு மேல்முறையீடு வந்தது.
ஓட்டுநர் வெண்டல் ஹௌகன்,
பெரிய பெரிய எழுத்தில்:
"மூன்று மணியிலிருந்து பனி வாரினேன்.
முடித்துவிட்டு உள்ளேயே
கொஞ்சம் கண்ணயர்ந்தேன்."

கண்ணாடியில் பனி
எந்தப் பக்கம் என்று
நான் பார்க்கவில்லை.