மதகடிக் குழி

குருமண்வெளித் துறைக்குப் போகிற வீதியில்
எல்லாருக்கும் அவசரம்.
பாதை வெளிக்கிட்டால்
அடுத்த பாதைக்கு முக்கால் மணித்தியாலம்.
அக்கரையில் மண்டூர்;
அங்கே உலையில் சோறோ, கோயிலில் பூசையோ,
கடன் தாறேன் என்ற ஒருவனோ காத்திருக்கலாம்.
இக்கரையில், மதகடியில், என் தையல் கடை.
கடைக்கு முன்னால் குழி.

கார்த்திகை மழையில் அது சிரட்டையளவு.
மார்கழியில் ஒரு ஆடு படுக்கலாம்.
தண்ணீர் நிரம்பினால் குழி தெரியாது,
வானம்தான் தெரியும்.

முதலில் விழுந்தவர் ஒரு கணக்கு வாத்தியார்.
முழங்காலைக் கழுவி, டெற்றோல் போட்டு,
பிளேன்ரீ கொடுத்தேன்.
கடைசி மிடறையும் குடித்துவிட்டுச் சொன்னார்:
"உங்கட ஊட்டுத் தண்ணிதானே புள்ள
றோட்டக் கரைக்குது."
என்னிடம் குழாயே இல்லை.
அவர் காலைக் கழுவிய தண்ணீர்
பக்கத்து வளவுக் கிணற்றில் நான் அள்ளிச் சுமந்தது.

மறுகா ஒரு தாயும் கைக்குழந்தையும்.
தலை முதல் கால் வரை சேறு.
தைத்து மடித்து வைத்திருந்த பாவாடையை,
கலாவல்லியக்காவுடையது, கொக்கி வரைக்கும் முடிந்தது,
உடுக்கக் கொடுத்து அனுப்பினேன்.
"நாளைக்கே கழுவிக் கொண்டந்து தாறன் அக்கா."
நாளை, தைப்பொங்கலுக்கும் அங்கால போய்விட்டது.
என் காசில் சீலை வாங்கி
கலாவல்லியக்காவுக்கு இரண்டாம் பாவாடை தைத்தேன்.
இடுப்பு இறுக்கமாம்.
அதற்கும் ஏச்சு.

பூவரசங் கம்பொன்று வெட்டி,
ஒரு கல்யாணச் சட்டையில் மிஞ்சிய
சிவப்புத் துண்டைக் கட்டி, குழிக்குள் நட்டேன்.
முதல் கம்பை யாரோ அடுப்புக்குக் கொண்டு போனார்கள்.
இரண்டாவதில் துணியை மட்டும்.
மூன்றாவது நின்றது.
அதற்கு விலகப் போய் வேலியில் முட்டினவர்
பிரதேச சபையில் எழுதிக் கொடுத்தார்.
கடிதம் வந்தது, என் பெயர் பிழையாக:
"திருமதி பா. நேசரூபன்,
பொது வீதிக்கு இடைஞ்சல் விளைவித்தமை."
திருப்பித் திருப்பிப் படித்தேன்.
குழி என்ற சொல் எங்கும் இல்லை.

"உனக்கு நல்லா வேணும்" என்றாள் தங்கை,
கடிதத்தின் பின்பக்கத்தில்
பொத்தான் கணக்கு எழுதிக்கொண்டே.

அன்று பின்னேரம் கம்பைப் பிடுங்கினேன்.
விழட்டும் என்றேன்.
கத்தரிக்கோலுக்கும் கேட்கும்படி
சத்தமாகவே சொன்னேன்.
மெசினில் போய் இருந்தேன். ஊசி ஓடியது,
காது வீதியில் கிடந்தது.
ஆறரைப் பாதைக்கு நேரம். மழை இருட்டு.
தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
சத்தத்திலேயே விளங்கியது, நாலாம் கியர்.

எனக்குள் ஒருத்தி அசையாமல் இருந்தாள்.
அவளை நான் முன்பு கண்டதில்லை.
தாரில் இரும்பு தேய்கிற அந்தச் சத்தத்துக்காக
நூல்கூட அறுக்காமல் காத்திருந்தாள்.

மற்றவள் ஓடினாள்,
கழுத்தில் அளவுநாடா, ஒரு காலில் செருப்பு,
நடு வீதியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

பிரேக். முகமெல்லாம் சேறு.
"விசரியாடி நீ?
சாகிறதுக்கு என்ட சைக்கிள்தான் கிடைச்சதா?"
இன்னும் சொன்னான். என் தாயையும் இழுத்தான்.
மீசை சரியாக முளைக்காத பொடியன்.
லைற் வெளிச்சத்தில் பார்த்தேன்:
பல்லெல்லாம் வரிசையாக இருந்தன,
ஏசுவதற்கு வாய் முழுசாக இருந்தது.
என்னைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனான்.
எனக்குப் பின்னால் கிடந்ததை
அவன் பார்க்கவே இல்லை.

மதகுக்குள் எறிந்த கம்பைத்
தடவி எடுத்துத் திரும்ப நட்டேன்.
சிவப்பு வெளிறி ரோசாவாகிவிட்டது.
நாளைக்கு வேறு துண்டு பார்க்க வேண்டும்.
மற்றச் செருப்பையும் தேட வேண்டும்.

துறைப் பக்கம்
சங்கிலி கழற்றும் சத்தம் கேட்டது.
பிடித்திருப்பான்.