விகுதி

எழுத்துக்கு நூற்றைம்பது என்று பேசி
ஐந்து எழுத்துக்குக் காசு தந்தார்கள்.
க, ம, ல, வே, ணி.
சபை மாறி மூன்றாம் மாதம்.
குருமண்வெளித் துறையில்
பாதைக்குக் காத்திருக்கும் மண்டபத்தில்
கறுப்புக் கல்.
வெட்டியவனும் நான்தான்.

"பேரை மட்டும் எடு.
கல்லு உடையப்படாது, புதுக் கல்லுக்கு நிதி இல்ல."
சொன்னவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை,
இஞ்சினையும் நிப்பாட்டவில்லை.

உளியை வைத்ததும் உன் நினைவு வந்தது,
பேர் தெரியாத எகிப்துக்காரா.
போன மாரியில், வேலை இல்லாமல் கிடந்த கிழமை,
கைப்பேசியில் உன் வேலையைப் பார்த்தேன்.
ஹட்செப்சுட்டைச் சுவரில் இருந்து எடு என்றார்கள் உனக்கு.
எடுத்தாய்.
ஆனால் விளிம்பைத் தாண்டவில்லை நீ.
தோள் இருந்த இடம் தோள் மாதிரி,
ஒட்டுத்தாடி இருந்த இடம் தாடி மாதிரி.
அவள் போய்விட்டாள்,
அவள் அளவில் ஒரு பள்ளம் நிற்கிறது.

விசுவாசமா? பயமா?
"நாட்கூலி அண்ணன்,
கூடக் கொத்தினா ஆர் காசு தாறது"
என்கிறான் கிருபைராசா, தண்ணீர் தெளித்தபடி.

அந்த மொழியில் பெண்பாலுக்கு ஒரு விகுதி.
எழுதும்போது அது ஒரு பாண்.
அரை வட்டம், போறணையால் எடுத்த சூட்டோடு.
மகள் என்றால் பின்னால் ஒரு பாண்,
அரசி என்றால் ஒரு பாண்.
அவள் பேரைக் கொத்திவிட்டு
அரசன் ஒருவனின் பேரை வைத்தார்கள்,
பாண்களை எண்ணவில்லை.
இன்றைக்கும் ஏதோ ஒரு வரியில்
மாமன்னர், தன் தந்தைக்காக
இதை எடுப்பித்தாள்.

நமக்குப் பாண் இல்லை.
தவிசாளர் என்போம், வந்தார் என்போம்,
அந்த 'ஆர்' என்ற போர்வைக்குள்
யாரும் படுக்கலாம்,
நாம் தேடுவது மீசையை.
மெர்நெய்த்தின் கல்லறையைத் தோண்டியவர்களும்
இவ்வளவு பெரிசா, அப்ப அரசன்தான் என்று
முதலில் எழுதிக்கொண்டார்களாம்.

கமலவேணியைக் கோட்டாவுக்குத்தான் கேட்டார்கள்.
பட்டியலில் ஒரு பெண் குறைந்தது.
மறுகா அந்தக் கதிரையில் இருந்துவிட்டார்.
போனில் கத்துவார்.
கல் வெட்டும்போது இரண்டு முறை வந்து
'ணி'யின் சுழியை எண்ணிப் பார்த்தார்.
வாங்குகளைப் பதிவாகக் கட்டச் சொன்னது அவர்,
மீன் பெட்டியைத் தலையால் இறக்குபவர்
குனியாமல் இறக்க.
கடைசிப் பாதை ஏழரைக்கு இல்லை,
கார்மென்ட் பிள்ளைகள் வந்த பிறகு என்றதும் அவர்.
அது கல்லில் இல்லை,
தீர்மானப் புத்தகத்தில் எங்கேயோ.

ஐந்து எழுத்தும் முடிந்தது.
விளிம்போடு, நீ செய்தது போல.
சாய்ந்த வெயிலில் பள்ளம் நிழல் பிடிக்க
முன்பை விடத் துலக்கமாய்த் தெரிகிறது 'வே'.
அதற்கு முன்னால், தொடாமல்,
'திருமதி'.
பின்னால் 'அவர்களால்'.

"அண்ணன், இது?"
"அதுக்குக் காசு பேசல்லடா."

மண்டூர்ப் பக்கத்து அம்மா ஒருவர்
பெட்டியை வாங்கில் இறக்கி
எழுத்துக் கூட்டுகிறார்.
"ஆர் கா இந்தத் திருமதி?"
நான் உளிகளைச் சாக்கில் சுற்றுகிறேன்.

ஏழு நாற்பத்தைந்து.
பாதை இன்னும் கட்டை அவிழ்க்கவில்லை.
பஸ்ஸால் இறங்கிய பிள்ளைகள்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
ஓடி வருகிறார்கள்.