இடப்பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினது

பீல் நகரம், ஆறாம் மாடி, காலை எட்டேகால்.
ஏஷ்லிமானின் குளியலறையில்
விளக்குப் போட்டால்தான் விடியும் இந்த மாதம்.

மேலே சொந்தமாய் ஏழு, கீழே பத்து.
மிச்சத்துக்கு ஒரு செட்டு,
இரவெல்லாம் குவளைத் தண்ணீரில் ஊறியது.
அதை முதலில் தேய்க்க வேண்டும்,
பேசினுக்குள் துவாயை விரித்துத்தான்.
போன வைகாசியில் கைதவறி
நான் பட்ட பாடு போதும்.

பிறகு அவருக்குப் பின்னால் நின்று
தாடையை இடக்கையில் ஏந்தி,
மெத்தென்ற பிரஷ், பட்டாணியளவு பசை,
முரசு ஓரமாய்ச் சின்னச் சின்ன வட்டம்.
ரத்தம் கண்டால் நிறுத்தக்கூடாது,
அங்கேதான் இன்னும் பொறுமையாய்.
இது வகுப்பில் சொன்னது.
கடித்தால் என்ன செய்வது என்று
வகுப்பில் சொல்லவில்லை.

நாற்பத்தோரு வருடம் கடிகாரத் தொழிற்சாலையில்
மற்றவர் பூட்டியதில் பிழை பார்த்தவர்.
மகளின் பெயர் போய்விட்டது.
என்னை ஒருநாள் நர்ஸ் என்பார், ஒருநாள் தபால்காரி.
இரண்டு நிமிடம் மட்டும் இன்னும் தெரியும்:
நூற்றிருபதாவது நொடியில்
என் மணிக்கட்டைப் பிடித்து விலக்குவார்.
சுவர்க்கடிகாரம் அவரைவிடக் கொஞ்சம் பிந்தும்.

இன்று வாய் திறக்கவில்லை.
ஜெர்மனில் கெஞ்சினேன், பிரெஞ்சில் கெஞ்சினேன்,
கடைசியில் அலுத்துப்போய்த் தமிழில்
"ஆ காட்டுங்கோ ஐயா" என்று
நானே என் வாயைப் பிளந்தேன்.

பார்த்தார்.
கிட்ட வா என்று விரலை மடக்கினார்.
மேலங்கிப் பையிலிருந்து கறுப்பு உருப்பெருக்கியை எடுத்து
வலக்கண்ணில் செருகி,
என் நாடியைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார்.
நடுங்கவில்லை,
சூப் கரண்டிக்கு நடுங்குகிற அதே விரல்கள்.

"இடப்பக்கம். கீழே. கடைசிக்கு முந்தினது.
இதை வெளியே அனுப்ப முடியாது."

நான்கு மாதமாய் வலப்பக்கத்தால் சாப்பிடுகிறேன்.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.
இந்த நாட்டுக் காப்புறுதி
கால் முறிந்தால் வரும், சொத்தைக்கு வராது.
கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு
நாளுக்குப் பதினொரு வாய் தீட்டுகிறேன்.

உருப்பெருக்கியைக் கழற்றித் துடைத்து
பைக்குள் வைத்துவிட்டு
அவர் தன் வாயைத் திறந்தார்,
அகலமாய்.

படிவத்தில் "வாய்ப் பராமரிப்பு" என்ற கட்டத்தில்
சரி போட்டேன்.
யாருடையது என்று அது கேட்கவில்லை.

ஒன்பதுக்கு மேடம் ஷொபார், மெட் பகுதியில்.
பஸ்ஸில் நாக்கு போய்ப்போய்
அந்தக் குழியிலேயே நின்றது.
இறங்கவேண்டிய தரிப்பு
தாண்டிப் போய்விட்டது.