ஒற்றைக் கோடு

பைசாந்து நகரம், ஆற்றங்கரைப் பள்ளி, ஆறாம் வகுப்பு.
வெள்ளை மேலங்கி, கழுத்தில் நீல ரிப்பன்.
எல்லாரும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்றுதான்
அந்த உடையே.

சுல்மா டீச்சர் துண்டுத்தாள் கொடுத்தார்.
வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா போகிறோம்,
பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார ஆசை,
மூன்று பெயர் எழுதுங்கள்.
கையெழுத்து நன்றாக இருந்ததால்
எண்ணும் வேலை எனக்கு வந்தது.
கையெழுத்தைத் தவிர என்னிடம்
யாரும் எதையும் பாராட்டியதில்லை.

எங்கள் ஊரில் ஓட்டை இப்படி எண்ணுவோம்:
நான்கு கோடு சேர்ந்தால் ஒரு சதுரம்,
ஐந்தாவது அதன் குறுக்கே.
நஹிர் எச்செவெரி என்ற பெயருக்கு நேரே
சதுரம் சதுரமாய் வளர்ந்தது, புது மனைப்பிரிவு போல.
ஐந்து சதுரம். பிறகு ஒரு கோடு.
வகுப்பில் நாங்கள் இருபத்தேழு பேர்.
அவளைத் தவிர எல்லாரும் அவளை.

நானும்தான் எழுதியிருந்தேன்.
அவள் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு முறை,
இரண்டும் ரப்பர் கேட்டு.

எனக்கு இரண்டு கோடு.
யார் யார் என்று கையெழுத்தில் தெரிந்தது,
தெரியாமலே இருந்திருக்கலாம்.
எல்பியோ சோசாவுக்கு நேரே
வெறும் தாள்.

கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
இல்லை.
அந்த ஐந்து சதுரங்களுக்கு அப்புறம்
தனியாய் நின்ற கோடு கண்ணை உறுத்தியது.
அழித்தேன்.
மொத்தம் எண்பத்தொன்று வரவேண்டும்,
அழித்ததை எங்காவது வைத்தாக வேண்டும்.
எல்பியோவுக்கு நேரே வைத்தேன்.

டீச்சர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்.
ஒட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

இருபத்தைந்து பேருக்குப் பிடித்தவளுக்கு
அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.
"யார்?" என்று முதலில் தோழிகளிடம் கேட்டாள்,
பிறகு தோழிகளைப் பற்றி.
மறுநாள் பிஸ்கட்டை ஆளுக்கொரு துண்டாய்ப் பிட்டுக் கொடுத்தாள்,
வாங்குகிற முகத்தை உற்றுப் பார்த்தபடி.
சுற்றுலாப் பேருந்தில் ஐந்து முறை இடம் மாறினாள்.
ஊற்றில் கால்கூட நனைக்கவில்லை.

எல்பியோவும் தேடினான், அதே கேள்வியோடு.
யாராகவும் இருக்கலாம் என்பதால்
எல்லாருக்கும் பென்சில் சீவிக் கொடுத்தான்.
தலையைப் படிய வாரி வந்தான்.
கால்பந்தில் எதிரணிக்கும் கை தட்டினான்.
மழைக்குப் பள்ளி வாசலில் ஒதுங்கிய நாய்க்கும்
சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்
தடவிவிட்டான்.

முப்பத்தோரு வருடம் கழித்து
மருந்துக்கடை வரிசையில் நஹிர்.
கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மகள் கல்யாணப் படம் போட்டிருக்கிறாளாம்,
நானூறு பேருக்குப் பிடித்துவிட்டது,
நாத்தனார் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, முன்னுரை எதுவும் இல்லாமல்:
"அந்த ஒருத்தர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.
நீதானே எண்ணினாய்."

உண்மை வாய்வரை வந்தது.
உண்மை நீளம்; வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.
"நான்தான்" என்றேன்.

மூச்சு விட்டாள்.
"அட, நீதானா!" என்று என் தோளைத் தட்டினாள்,
காலில் குத்தியது முள் இல்லை,
புல்தான் என்று குனிந்து பார்த்துக்கொண்டவள் போல.
மாத்திரையை வாங்கிக்கொண்டு
லேசாக நடந்து போனாள்.

எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

எல்பியோ இப்போது இழுவை வண்டி ஓட்டுகிறான்.
எதிரே வரும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கையாட்டுவான்.
எனக்குத்தான் என்று சில வருடம் நினைத்திருந்தேன்.
எனக்குப் பின்னால் வந்த தபால்காரருக்கும்,
அவருக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த சாலைக்கும்
அதே ஹாரன், அதே கை.

இருந்தாலும் நான் கையை உயர்த்துகிறேன்,
நேராக,
ஒரு கோடு மாதிரி.