தன்மை ஒருமை

சனிக்கிழமை இரவு.
லாபிஸ் பழைய கடைவீதி,
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஐந்து பேர், ஒரு மேசை,
இருபது முகப் பகடை,
ஏடு கட்டிப்போன மீலோ,
காகிதத்தில் எண்ணெய் விட்டு ஆறிய வடை.
அட்டைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து
கோகிலவாணி கேட்கிறாள்:
"தழலி என்ன செய்கிறாள்?"

தழலி நான்தான்.
முப்பத்தாறு வயது, தொப்பை,
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
அவளோ படகுக்காரி.
இடது காதில் பாதி இல்லை.
கடன் சொன்னவனை நடு ஆற்றில்
இறங்கச் சொல்லுவாள்.

முதல் வாரம் குரலை மெலித்துப் பேசினேன்.
புனிதன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
இரண்டாம் வாரம் இடுப்பை ஆட்டச் சொன்னான்.
மூன்றாம் வாரம் என் குரலிலேயே பேசிவிட்டேன்,
லோரிக்காரர்களிடம் கத்திக் கத்தித்
தேய்ந்துபோன குரல்.
அது அவளுக்குச்
சரியாக இருந்தது.

கோகிலா தாடி வைத்த அரசனாகிறாள்,
லஞ்சம் கேட்கும் காவலனாகிறாள்,
மூன்று தலை அசுரனாகி
மூன்று தொண்டையிலும் இருமுகிறாள்.
அவளை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

என்னைக் கேட்டார்கள்.
படியிறங்கி ஹெல்மெட் மாட்டும்போது,
"ஏன்டா லோகேசு, உனக்குள்ள ஏதாச்சும்..."
முடிக்காமல் விட்ட கேள்வியை
மோட்டாரை முடுக்கி மூடினேன்.
வழியெல்லாம் கூடவே வந்தது,
செம்பனை வரிசைக்குள் புகுந்து புகுந்து.

தமிழில் ஒரு வசதி உண்டு.
துடுப்பை எடுத்தேன்.
மறுத்தேன்.
பயந்தேன்.
இதில் ஆண் எங்கே, பெண் எங்கே?
படர்க்கையில்தான் மாட்டிக்கொள்கிறோம்.
அடுத்தவர் வாயில் விழுந்த பிறகுதான்
னகரமோ ளகரமோ
வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

வெய் லுன்னுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.
அவன் ஆட்டம் முழுக்க மலாயில்.
அரசனும் டியா, தழலியும் டியா,
அம்பு பட்டுச் செத்த அவன் குதிரையும்
பாவம், டியா.

போன மாதம் கதைக்குள் ஒரு சத்திரம்.
காவலன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
பிடித்தான் என்று கோகிலா சொன்னாள், அவ்வளவுதான்.
மேசைக்கு அந்தப் பக்கம்
அவள் கை பென்சிலை விடக்கூட இல்லை.
நான் கத்தியை உருவுவேன் என்று
எல்லோரும் காத்திருந்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மண்டோர் ஏதோ சொல்ல,
லூஸ் பொறுக்கும் பெண்கள்
சாக்கை இடுப்புக்கு முன்னால் இழுத்துக்கொண்டு
சிரிப்பார்களே,
அது.

எங்கே கற்றேன்?
பன்னிரண்டு வருடமாக
எடைமேடைச் சன்னலில் உட்கார்ந்திருக்கிறேன்.
லோரி நம்பரை மட்டும்தான் பார்க்கிறேன்
என்று நினைத்திருந்தேன்.

தவமலர் தன் பகடையை என் பக்கம் தள்ளினாள்.
"இது நல்லா விழும், எடுத்துக்கோ."
அவளும் சிரிக்கவில்லை.
உருட்டினேன்.
இரண்டு.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
புனிதன் தொண்டையைச் செருமினான்.
"என் மந்திரவாதி விளக்கை அணைக்கிறான்," என்றான்.
"எல்லா விளக்கையும்.
இருட்டுல அவ ஓடிடட்டும்."

அவ.
கிண்டலில்லாமல் அவன் சொன்னது
அன்றைக்குத்தான்.
ஓடினேன்.

திங்கட்கிழமை.
லோரி மேடையில் ஏறுகிறது. நிறைவண்டி, எழுதுகிறேன்.
கொட்டிவிட்டுத் திரும்புகிறது. வெறுவண்டி.
கழித்தால் வருவது பழம்.
நாளைக்கு நூறு தடவை போடும் கணக்கு.
சனி இரவு படியேறியபோது ஓர் எடை,
இறங்கியபோது ஓர் எடை.
சிட்டின் பின்பக்கத்தில் கழித்துப் பார்க்கிறேன்.
ஏதோ வருகிறது.
கிலோவா, டன்னா,
எதில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஹாரன் அடிக்கிறான்.
"அண்ணே! சிட்டு!"

"இதோ," என்கிறேன்,
"வந்துட்டேன்."