ஒன்பதாவது பாட்டில் ஒரு கீறல்

வேனோடு சேர்ந்து வந்தது.
தவணை கட்டாத யாரிடமோ
லீசிங்காரர்கள் பிடுங்கி வந்து
பண்டாரவளை யார்டில் நிறுத்தியிருந்த வெள்ளை வேன்.
சீட்டுக்கடியில் ஒரு குடைக்கம்பி,
கண்ணாடியோரம் வெயிலில் வெளுத்த மாதா படம்,
செட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு சிடி.

குறடு வைத்தும் வரவில்லை.
"செட்ட ஒடச்சாத்தான் எடுக்கலாம்,
புதுசு பதினெட்டாயிரம்" என்றான்
கறாஜ் யோகநாதன்.
மாதக் கட்டுப்பணத்தை நினைத்துக்கொண்டேன்.
கிடக்கட்டும், என்றேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு
பதினாலு பிள்ளைகள், விடிய ஆறே காலுக்கு.
முதல் வளைவிலேயே ரேடியோ இருமத் தொடங்கும்.
வேறு வழியில்லாமல்தான் அமத்தினேன் அந்தப் பொத்தானை.

மூக்கால் பாடுகிற ஒரு மனுசன்.
தடிமன் பிடித்தவன் என்று நினைத்தேன்.
அவனுக்குப் பின்னால் என்னவோ ஒரு வாத்தியம்,
பெயர் தெரியாது.
கொண்டை ஊசி வளைவு முடிகிற இடத்தில்
ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளரப் பிடித்தால்
அது தானாக வழுகி நேருக்கு வருமே,
உள்ளங்கைக்குள் ஒரு சுகம்,
அப்படித்தான் வழுகியது அந்தக் கம்பி.
அன்றைக்கு டிக்கோயாவைத் தாண்டியதே தெரியவில்லை.

சாதாரண தரத்தில் இங்கிலீசுக்கு எனக்கு வெறும் எஸ்.
பிடிபட்ட சொற்கள் இவ்வளவுதான்:
மழை. லொறி. அம்மா. கடன்.
ஞாயிற்றுக்கிழமை.
அவன் ஊரில் என்ன விளையுமோ,
கடன் மட்டும்
நம்ம ஊர்க் கடன் மாதிரியே கேட்டது.

மூன்றாம் கிழமைக்குள்
பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்.
இரண்டாவது குதிரைப் பாட்டு.
நாலாவது மூக்கடச்ச பாட்டு.
ஆறாவதுக்குத் தர்ஷிகன் சொந்தமாக வரி கட்டினான்:
"நோர்வூட் பாலத்துல நோனாவுக்கு வாந்தி."
தாளம் தப்பவேயில்லை, சனியன்.

ஒன்பதாவது எனக்கு.
மெதுவான பாட்டு,
பனிக்குள் லைட் போட்டுப் போகிற வேகம்.
நடுவில் வாத்தியமெல்லாம் ஒதுங்கிக்கொள்ள
எதையோ சொல்ல வாயெடுப்பான்,
லெ… லெ… லெ… லெ…
காசல்ரீ தண்ணீர் தெரிகிற திருப்பத்துப் பள்ளத்தில்
வேன் ஒரு குலுக்குக் குலுக்கும்.
பத்தாவது பாட்டு தொடங்கிவிடும்.

லெட்டரோ?
லேட்டாகிவிட்டது என்கிறானோ?
டீசல் விலை ஏறிய அன்று
அவனும் அதைத்தான் சொல்ல வருகிறான் என்று நம்பினேன்.
கட்டாரிலிருந்து அவர் போன் எடுத்து
இந்த வருசமும் லீவு இல்லை என்ற அன்று
பள்ளத்துக்கு முன்னாலேயே ஓரங்கட்டி
அந்த லெ லெ லெயை
இரண்டு நிமிசம் ஓட விட்டேன்.
பின்சீட்டில் யாரும் பேசவில்லை.
பிறகு ஒரு குட்டிக் குரல்:
"லெட்சுமி டீச்சரக் கூப்புடுறான்க்கா."

ஆவணியில் ஒரு கலியாண ஹயர், நுவரெலியாவுக்கு.
ஹோட்டல் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறேன்,
கூரை ஸ்பீக்கரில் அதே கம்பி, அதே மூக்கு.
ஒன்பதாவது!
வாயெடுத்தான்.
நான் மூச்சை நிறுத்தினேன்.
சொல்லிக்கொண்டே போய்விட்டான்,
தடங்கலில்லாமல், கழுவிவிட்ட ரோடு மாதிரி.

தட்டோடு வந்த வெயிட்டர் மெர்வினை மறித்து
என்ன சொன்னான் என்று கேட்டேன்.
காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"குசினி லைட்டை நிப்பாட்டாம வந்துட்டானாம்."
அவ்வளவுதானா?
"அவ்வளவுதான் மிஸ்."

திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு.
ராகலைப் பக்கம் மழை பிடித்திருந்தது போல, தூரத்தில் மின்னல்.
பொகவந்தலாவைக்கு வந்து
வேனை நிறுத்தி இறங்கியபோதுதான் பார்த்தேன்,
என் குசினியிலும் லைட் எரிந்துகொண்டிருந்தது.
சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை.
பனி, பதினாலு பேர், ஒரு வாந்திப் பை.
லெட்சுமி டீச்சரின் ஸ்கூட்டி பழுதாம்,
நோர்வூட் சந்தியில் கை காட்டி ஏறி
என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.
எட்டாவது முடிந்தது.
பின்னால் வாயைப் பொத்துகிற சத்தம்.
நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.
வால்யூமை மட்டும் கொஞ்சம் கூட்டினேன்.