பதினோராம் நம்பர் மலைக்குக் கீழே

கண்கள் ஒட்டியிருந்தால் அது இல்லை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கடுகு உட்கார இடம் வேண்டும்.
கறுப்பு உடம்பில் மஞ்சள் கீறல். வால் நுனி தடிப்பு.
அந்த நுனியில் உள்ள இடுக்கியின் வளைவுதான்
இனத்தைச் சொல்லும்.
அதற்காகத்தான் லென்சு, அதற்காகத்தான் நான்கு நாளாக
அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டு
கெசல்கமு ஓயாவில் போய் விழும்
பெயரில்லாத இந்தத் தண்ணீரில் முழங்கால்வரை நிற்கிறேன்.

சிவப்புத் தும்பி வருகிறது, எங்கும் கிடைப்பது.
நீலத்தில் ஒன்று, பெயர் தெரிந்தது,
போ என்கிறேன், போகிறது.
எடுத்த படம் நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதினொன்றில் வெறும் கல்.
ஒன்றில் கல்லின்மேல் ஒரு கலங்கல்.
தும்பியாக இருக்கலாம்,
என் கைநடுக்கமாகவும் இருக்கலாம்.

புல்லுமருந்து டாங்கியோடு
சவரியப்பன் இறங்கி வந்தார். கழுவ இந்த இடந்தான்.
என் படப்புத்தகத்தைப் புரட்டியவர்
ஒரு பக்கத்தில் ஈரவிரலை வைத்தார்.

"இதா? மூணு மணிக்கு வரும், மழ இல்லாட்டி.
மேல அந்த முடக்குல, மணல் கெடக்குற எடம்.
மத்தது மாதிரி சுத்தாது.
கல்லுல வயித்த ஒட்டி உக்காரும்.
கண்ணு ரெண்டும் சண்ட போட்ட மாதிரி தள்ளித் தள்ளி."

எழுத மறந்து நின்றேன்.

"இங்க இருக்குன்னு எழுதுனா
ஆத்துப்பக்கம் வரக்கூடாதும்பாங்களா?
அப்ப டாங்கிய எங்க கழுவுறது?
பீலியிலயா? புள்ளைங்க குடிக்கிற தண்ணியிலயா?"

மூன்று மணிக்கு மழை வந்தது.
தும்பி வரவில்லை.

முடக்கில், பாறையின் நனையாத பக்கத்தில்
தோல் மட்டும் இருந்தது.
முதுகு பிளந்து,
ஆறு காலாலும் கல்லைப் பற்றியபடி.
பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின,
மூச்சுக்குழாய்களின் உள்தோல்.
தண்ணீருக்குள் மூச்சுவிட்ட காலத்தை
இழுத்து வெளியே போட்டுவிட்டு
எழும்பிப் போயிருக்கிறது.

படிவத்தை விரித்தேன்.
ஆற்றடி: மணல், சரளை.
நிழல்: முக்கால்.
இனம்: தோல் கிடைத்தது, உறுதியில்லை.
அடுத்த கட்டம், அச்சுறுத்தல்.

பேனா அதில் நின்றுவிட்டது.
காகிதம் நனையாமலிருக்க
தலைக்குமேல் படங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர்
சவரியப்பன்.
டாங்கி கரையில் கிடக்கிறது,
இன்னும் கழுவவில்லை.